ஏழாம் வாளி

1

நேற்று மண் வாங்கப் போனேன். இலங்கையில், எங்கள் ஊர் மருதமுனையில், வீட்டு வளவை உயர்த்துவதற்காக டிராக்டர் கணக்கில் மண் வாங்கியிருக்கிறேன். ஆனால் பொலித்தீன் பையில் அடைத்து, மேலே ரோசாப்பூப் படம் போட்டு விற்கும் மண்ணை இங்கிலாந்துக்கு வந்த பிறகுதான் கண்டேன்.

பூச்செடிக் கடைக்காரர் என்னை நன்றாக அறிவார். ஒரு வருடத்துக்கு மேலாக மாதம் ஒரு பை வாங்குகிறேன்.

“இந்த முறை என்ன நடப் போகிறீர்கள்?” என்று கேட்டார்.

“ஒன்றும் நடுவதில்லை. கழுவுவதற்குத்தான்” என்றேன்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தார். வழக்கம்போல, குதிரைச் சாணம் கலந்த மண்தான் திறமானது என்று அந்தப் பையைத் தூக்கிக் காட்டினார். வழக்கம்போல நான் மறுத்தேன். குதிரைச் சாணத்தால் நாயைக் கழுவினால், பிறகு குதிரையை எதனால் கழுவுவது?

மாதம் ஒரு பை வாங்குகிறவன் நேற்று மூன்று பை வாங்கினேன். ஏன் மூன்று என்பதை எழுத வேண்டும். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போன கிழமை கல்முனையிலிருந்து மச்சான் இஸ்ஸதீன் தொலைபேசி எடுத்தார்.

“மச்சான், உங்கட மூத்த மகள் நாய் மேய்க்கிறாவாம் எண்டு இஞ்ச கதை அடிபடுது. மெய்யா?”

“மேய்க்கல்ல மச்சான். பகலைக்குப் பார்த்துக்கொள்றா. ஆக்கள் வேலைக்குப் போகக்குள்ள விட்டுட்டுப் போவாங்க, பின்னேரம் வந்து கூட்டிப் போவாங்க.”

“அப்ப சின்னப் புள்ளைகளுக்குப் போல நாய்க்கு நேசரியா?”

“ஓம்.”

“யா அல்லாஹ்! நாய்க்கு நேசரி!” பிறகு குரலைத் தணித்து, “ஒரு நாய்க்கு என்ன குடுக்கிறாங்க?” என்றார்.

சொன்னேன்.

“மச்சான், என்ட கடைசி மருமகன் சும்மாதான் இரிக்கான். அவனுக்கு ஒரு விசா எடுக்க ஏலாதா?” என்றார்.

ஊரில் கதை எப்படியும் நடக்கும். சரியான கதை நடக்கட்டும் என்று எழுதுகிறேன்.

2

நான் நீர்ப்பாசன அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணாமல் விட எனக்கு ஏலாது. பேருந்தில் ஏறினால் சீட்டுகளை எண்ணுவேன். இந்த வீட்டுப் படிகள் பதின்மூன்று. எங்கள் தெரு ஒரு பக்கம் அடைத்த தெரு, வீடுகள் பதினான்கு.

எனக்கு இரண்டு மகள்கள். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம், மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பார். இளையவளுக்கு மருதமுனை வீட்டை எழுதினேன். மூத்தவள் ஸிபானா மாப்பிள்ளையோடு இங்கே வந்தபோது, வயலை விற்று இந்த வீட்டுக்கு முற்பணம் கட்டி அவள் பெயரில் எழுதுவித்தேன். மீதிக்கு வங்கிக் கடன். எனவே எனக்கு உலகத்தில் இரண்டு வீடு இருக்கிறது. இரண்டிலும் ஒவ்வோர் அறைதான் என்னுடையது.

மூத்த மருமகன் வேறு வாழ்க்கை தேடிப் போய்விட்டார். எங்கள் வழக்கத்தில் உள்ள நன்மை அன்றுதான் விளங்கியது. போகிறவர் தன் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். வீடு பெண்ணோடு நிற்கும். ஆனால் வங்கிக் கடனும் பெண்ணோடுதான் நின்றது. முதியோர் இல்லத்தில் செய்த வேலையும் அவளுக்கு நின்றுபோயிற்று. மனைவி ஊரில் மௌத்தாகி, அடக்கம் முடித்து நான் இங்கே வந்து சேர்ந்த நேரத்தில், ஸிபானாவும் பேத்தி ஹானியாவும் இந்த வீட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

முதல் நாய் வந்தது ஓர் உதவியாக. மூன்றாம் இலக்க வீட்டுக் கிழவிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. பின்னேரம் வந்து நாயை வாங்கிக்கொண்டு காசை நீட்டினாள். அடுத்த கிழமை தன் தங்கையின் நாயையும் கொண்டு வந்தாள். மூன்று மாதத்தில் ஆறு நாய்.

“மகள், இது என்ன வேலை?” என்று கேட்டேன்.

“வாப்பா, அந்த இல்லத்தில கிழடுகளைப் பார்த்தேன். கடிச்சாங்க, ஏசினாங்க, கிள்ளினாங்க. இதுகள் கடிக்கல்ல. சம்பளம் கூட.”

நானும் ஒரு கிழடு.

3

நாயை வெறுக்கச் சொல்லி மார்க்கத்தில் இல்லை. ஆனால் எங்கள் மத்ஹபில், நாங்கள் பின்பற்றும் சட்ட மரபில், ஒரு விதி உண்டு. நாயின் வாயோ ஈரமோ பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும். அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். ஈரம் பட்டால் மட்டும்தான். உலர்ந்த நாய் உலர்ந்த இடத்தில் நடந்தால் ஒன்றுமில்லை.

ஆனால் இந்த நாட்டில் உலர்ந்த நாயை நான் கண்டதில்லை.

என் அறை பின் முற்றத்தில், வீட்டோடு ஒட்டிக் கூரை இறக்கிய சாய்ப்பு. அங்கிருந்து குசினிக் கதவுக்கு வர முற்றத்தின் கல் பாதையைக் கடக்க வேண்டும். அதே பாதையில்தான் ஆறு நாய்களும் காலையில் ஓடி, நக்கி, உருண்டு விளையாடும். பிறகு ஸிபானா அவற்றை முற்றத்துக் கோடியில் கம்பிக் கதவுக்குப் பின்னால் விடுவாள். அப்போது நான் வாளியோடு இறங்குவேன். முதல் வாளி மண் தண்ணீர்; பிறகு ஆறு வாளி நல்ல தண்ணீர். எண்ணிக்கை பிசகக் கூடாது என்பதற்காகச் சத்தமாக எண்ணுவேன். பிசகினால் திரும்ப ஒன்றிலிருந்து.

ஏழாம் வாளி முடிந்ததும் ஸிபானா பக்கத்துக் கதவால் நாய்களை உலாத்தக் கூட்டிப் போவாள். நண்பகல் தொழுகையான லுஹருக்கு முன் ஒருமுறை, பின்னேரத் தொழுகையான அசறுக்கு முன் ஒருமுறை. இந்த ஒழுங்கை நாய்கள் என்னைவிட நன்றாகப் படித்துக்கொண்டன. நான் “ஒண்டு” என்றதும் குரைப்பை நிறுத்தி வரிசையாகக் குந்தும். “ரெண்டு, மூணு” என்று போகப் போகக் காது உயரும். “ஏழு” என்றதும் ஆறும் ஒருமிக்க எழும்பும்.

பேத்தி ஹானியாவுக்கும் இந்த முற்றத்தில்தான் தமிழ் கொஞ்சம் ஏறியது. எனக்குத் துணையாக யன்னலிலிருந்து எண்ணுவாள். ஆகவே அவளுக்குத் தமிழில் ஏழு வரைதான் தெரியும். நாய்களுக்கும் அவ்வளவுதான்.

4

நம் ஊரில் ஒருவன் வீட்டு முன்றலில் வெல்டிங் கடை போட்டால் யாரிடமும் கேட்க மாட்டான். மருதமுனையில் என் சின்ன வயதில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம்தான். சத்தம் நின்றால்தான் அயலவர் எட்டிப் பார்ப்பார்கள், யாருக்கும் சுகமில்லையோ என்று. சண்டை வந்தால் பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்கார்மார் வந்து இருந்து, இரு பக்கத்தையும் ஏசி, தேத்தண்ணி குடித்து, முடித்துவிட்டுப் போவார்கள்.

இங்கே குடியிருப்பு வீட்டில் தொழில் செய்வதற்கு, அது வீட்டின் தன்மையை மாற்றுமானால், நகரசபையின் அனுமதி வேண்டும். ஆறு நாய் வீட்டின் தன்மையை மாற்றுமா என்று சபை ஸிபானாவிடம் கேட்டது. என்னிடம் கேட்டிருந்தால் ஒரே சொல்லில் சொல்லியிருப்பேன்.

சபைக்கு அறிவித்தவர் பக்கத்து வீட்டு கிரஹாம். ஓய்வு பெற்றவர், தனியாள், நல்ல மனிதர். சபை, ஸிபானா அனுமதி கேட்டுப் போட்ட விண்ணப்பத்தை மஞ்சள் தாளில் அச்சடித்து எங்கள் வீட்டுக்கு முன் விளக்குக் கம்பத்தில் கட்டியது. தெருவில் யாரும் ஆட்சேபம் எழுதலாம். கிரஹாம் ஒன்பது காரணம் எழுதினார்: குரைப்பு, மணம், காலையில் வந்து நிற்கும் கார்கள், இப்படி. எனக்கு அந்த ஒன்பதோடும் பூரண உடன்பாடு. பத்தாவதாக ஒன்று என்னிடமும் இருந்தது.

நாங்கள் இருவரும் வேலிக்கு இரு பக்கமும் நின்று பேசிக்கொள்வோம்.

“உங்களுக்கும் நாய் பிடிக்காதல்லவா?” என்று கிரஹாம் கேட்டார்.

“பிடிக்காது.”

“அப்படியானால் நீங்களும் எழுதலாமே. யாரும் எழுதலாம் என்றுதான் போட்டிருக்கிறது.”

இதை இரவுச் சாப்பாட்டில் ஸிபானாவிடம் சொன்னேன். சும்மா, சட்டம் அப்படி இருக்கிறது என்ற தகவலாகத்தான்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். “வீட்டுக்குள்ள இரிந்துகொண்டு வீட்டுக்கு எதிரா எழுதப் போறீங்களா வாப்பா? எழுதுங்க. அனுமதி கிடைக்காட்டி மாசக் கடன் கட்ட ஏலா. வங்கி வீட்டை எடுக்கும். மறுகா நாயும் இல்ல, முற்றமும் இல்ல. கழுவுறத்துக்கு எங்க போவீங்க?”

நான் எழுதவில்லை. அதற்குப் பதிலாக ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தேன். ஹஜ்ஜுப் பெருநாளை மருதமுனையில் எடுப்பது, பிறகு அங்கேயே இருந்துவிடுவது. ஸிபானா வேண்டாம் என்று சொல்லவில்லை. “உங்கட விருப்பம் வாப்பா” என்றாள். அந்தச் சொல்லை நான் விரும்பவில்லை.

போவதற்கு முன் மகளுக்கு ஓர் உதவி செய்ய நினைத்தேன். நம் பக்கத்தில் ஒரு சிக்கலைப் பேச ஆள் போகுமுன் சாப்பாடு போகும். வெறுங்கையோடு போனால் சண்டைக்குப் போவதாக அர்த்தம். தேங்காய்ப் பாலும் கித்துள் கருப்பட்டியும் தேடிப் பிடித்து, ஸிபானா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து எங்கள் பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் அவித்தேன். பதின்மூன்று வீட்டுக்கும் பதின்மூன்று கிண்ணம். கிரஹாம் வீட்டுக் கிண்ணத்தில் முந்திரிக் கஜு கொஞ்சம் கூடப் போட்டேன்.

மூன்றாம் நாள் சபையிலிருந்து தொலைபேசி வந்தது. முடிவு நிலுவையில் இருக்கும்போது அயலவர்களுக்கு அன்பளிப்பு வழங்கப்பட்டதாக ஒருவர் அறிவித்திருக்கிறாராம். அன்பளிப்பின் தன்மை என்ன?

“வாப்பா!” என்று ஸிபானா கத்தினாள். “லஞ்சம் எண்டு எழுதிட்டாங்க! வட்டிலப்பத்தை லஞ்சம் எண்டு எழுதிட்டாங்க!”

“லஞ்சம் எண்டால் கள்ளமாக் குடுக்கிறது மகள். நான் பகலில, தட்டில வச்சு, மூடி போட்டுக் குடுத்தேன்.”

விண்ணப்பத்துக்கு எதிரான காரணங்கள் ஒன்பதிலிருந்து பத்தாயின. பத்தாவது காரணம் நான்தான்.

5

சபை உத்தியோகத்தர் வீட்டைப் பார்க்க வரும் நாள் வந்தது. ஸிபானாவின் திட்டத்தில் முதல் அம்சம் நான் அங்கே இல்லாமல் இருப்பது. காலையில் என் சிநேகிதர் ஒருவர் காரில் வந்து என்னைப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போய், லுஹர் முடித்து, சாப்பாடும் தந்து, பின்னேரம் கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு. கார் வரவில்லை. நான் அறையிலேயே இருப்பதாக வாக்குக் கொடுத்தேன்.

உத்தியோகத்தர் ஓர் இளம் பெண். மழைக்கோட்டு, கையில் சத்தம் அளக்கும் சிறு கருவி. அவளைக் கண்டதும் கம்பிக் கதவுக்குப் பின்னால் ஆறு நாயும் ஒன்றாகத் தொடங்கின. நாலு வீட்டுக்கு அப்பால் கேட்டிருக்கும். மாடி யன்னலில் கிரஹாம் நின்று கீழே பார்த்துத் தலையசைத்தார். ஸிபானா கம்பிக் கதவை நோக்கிப் போனாள். “சும்மா இரு, மேக்ஸ்! சும்மா இருங்க எல்லாரும்!” என்றாள். தமிழில் அவற்றுக்கு விளங்கவில்லை, ஆங்கிலத்தில் சொன்னாலும் கேட்கவில்லை.

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். லுஹருக்கு நேரமாயிற்று. தொழுமுன் கைகால் கழுவி ஒளு செய்வதற்குக் குசினிக்குப் போக வேண்டும். பாதையோ ஈரம். ஒரு வாக்கு மகளுக்குக் கொடுத்தது. மற்றது அதற்கு முன்பே படைத்தவனுக்குக் கொடுத்தது. வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

“வாப்பா, வேணாம்” என்றாள் ஸிபானா, உதடு அசையாமல்.

மண்ணைக் கரைத்தேன். “ஒண்டு” என்று ஊற்றினேன்.

முற்றம் அமைதியாயிற்று.

ஆறு நாயும் வரிசையாகக் குந்தி என்னைப் பார்த்தன. அந்தப் பெண் தன் கருவியைத் தட்டிப் பார்த்தாள், பழுதாகிவிட்டதோ என்று. நான் யாரையும் பார்க்காமல் என் வேலையைச் செய்தேன். குழாயில் தண்ணீர் பிடிக்கும் சத்தம், ஊற்றும் சத்தம், என் எண்ணிக்கை. யன்னலில் ஹானியாவின் குரல். நாலு. அஞ்சு. ஆறு. அவள் பள்ளிக்கூடம் போகாமல் நின்றது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“ஏழு.”

ஆறு நாயும் எழும்பின. ஸிபானா பழக்க தோஷத்தில் கயிறுகளைக் கையில் எடுத்துவிட்டாள்.

அந்தப் பெண் என்னிடம் வந்தாள். “ஐயா, நீங்கள் என்ன செய்தீர்கள்?”

“நாய் நனைத்த இடத்தை ஏழு தரம் கழுவினேன். ஒரு தரம் மண்ணோடு.”

“ஒவ்வொரு நாளுமா?”

“நாளைக்கு இரண்டு முறை.”

“எந்த இரசாயனமும் இல்லாமல்?”

“மண்தான். சாணம் கலக்காத மண்.”

“இந்த முறையை யார் வகுத்தது?”

“பழைய முறை” என்றேன்.

அவள் நின்றபடியே நீண்ட நேரம் எழுதினாள். ஓர் இடத்தில் மட்டும் நிமிர்ந்து, அமைதி எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டாள். உலாத்தப் போய் வந்தால் களைத்து அசறு வரை தூங்கும் என்றாள் ஸிபானா. அசறு என்றால் என்ன என்பதையும் அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

6

முடிவு எடுக்கும் கூட்டம் நகரசபை மண்டபத்தில் நடந்தது. ஒன்பது உறுப்பினர்கள் அரைவட்டமாக இருந்தார்கள். மரைக்கார்மார் போலத்தான், தேத்தண்ணி மட்டும் இல்லை. பேசுகிறவர்களுக்கு மூன்று மூன்று நிமிடம். கிரஹாம் தன் நேரத்துக்குள் காரணங்களைச் சொல்லி முடித்து, மேலும் ஒரு வசனம் தொடங்கியபோது நிறுத்திவிட்டார்கள். ஸிபானா எழுதிக் கொண்டுபோனதை விட்டுவிட்டு, “இது என் தகப்பன் தந்த வீடு, இதைக் கட்டிக் காக்க எனக்கு வேறு வழியில்லை” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு இருந்தாள். இரண்டு நிமிடத்தை அவள் செலவழிக்கவே இல்லை. அந்த இரண்டையும் எனக்குத் தரமாட்டார்களா என்று நினைத்தேன். தந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை தெரியாது.

உத்தியோகத்தரின் சிபாரிசைத் தலைவர் வாசித்தார். ஒரு வருடத்துக்குத் தற்காலிக அனுமதி. நாய் ஆறுக்கு மேற்படக் கூடாது. மூன்றாவது நிபந்தனை வந்தபோது மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். முற்றமானது விண்ணப்பதாரியின் தந்தையால் தற்போது கழுவப்படும் முறையிலேயே, அதே தடவைகள், உரத்த குரலில் எண்ணப்பட்டு, தொடர்ந்து கழுவப்பட வேண்டும்.

ஓர் உறுப்பினர் கை உயர்த்தினார். “எந்த மொழியில் எண்ண வேண்டும் என்று நிபந்தனையில் இல்லையே?”

“நாய்களுக்குப் பழகிய மொழியில்” என்றாள், ஓரத்தில் இருந்த அந்த உத்தியோகத்தர் பெண்.

“தந்தை இல்லாத பட்சத்தில்?”

“அனுமதி அவருடைய முறையைச் சார்ந்தது. அவர் வீட்டில் இல்லாவிட்டால் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும்.”

ஒன்பது தலைகளும் என் பக்கம் திரும்பின. எனக்கு எத்தனை வயதிருக்கும், எப்படி நடக்கிறேன் என்று பார்த்தார்கள். நான் நிமிர்ந்து இருந்தேன். ஆதரவாகவும் எதிராகவும் உயர்ந்த கைகளை எண்ணினேன்: ஐந்துக்கு நாலு. அனுமதி கிடைத்தது.

வாசலில் கிரஹாம் என்னிடம் வந்தார். “உங்களை நான் நம்பியிருந்தேன்” என்றார். கோபத்தோடல்ல, மனவருத்தத்தோடு.

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். சிவப்பு விளக்கில் நின்றபோது ஸிபானா நேரே பார்த்தபடி, “டிக்கெட்டை மாத்தவா வாப்பா?” என்றாள்.

“மாத்து. ஒரு வருசம்தானே.”

7

அந்த ஒரு வருடம் இந்த மாதத்தோடு முடிகிறது.

இந்த வருடத்தில் என்னிடம் கிரஹாமைப்போல் அக்கறை காட்டியவர் வேறு யாருமில்லை. என் ஊரில் இப்போது வெயிலா என்று கேட்பார். வயதானவர்களுக்குக் குளிர் ஆகாது என்பார். விமான டிக்கெட் மலிவாக வந்திருப்பதைப் பத்திரிகையிலிருந்து வெட்டி வேலிக்கு மேலால் தருவார். விமான நிலையத்துக்குத் தன் காரிலேயே கொண்டுபோய் விடுவதாக இரண்டு முறை சொன்னார். நான் போனால் அனுமதி போகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் சொன்னதில் பாதி உண்மையான அன்பு என்றே கணக்கு வைத்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் போய் வந்து சாப்பிடும்போது, ஸிபானா ஒரு படத்தை என் முன் வைத்தாள். தண்ணீரைப் பீறி அடிக்கும் மெசின். சில்லு வைத்தது, நீளமான குழல்.

“இந்த முறை நிரந்தர அனுமதி கேட்கப் போறன் வாப்பா. உங்கட நிபந்தனை இல்லாம. இந்த மெசினால கழுவுறம் எண்டு எழுதினால் காணுமாம், அந்தச் சபைப் புள்ள சொன்னா. நீங்க ஊருக்குப் போகலாம். ஒரு வருசம் எங்களுக்காக மாட்டுப்பட்டுக் கிடந்தீங்க.”

அவள் அதை நல்ல மனதோடுதான் சொன்னாள். ஒரு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். ஊரில் இளையவளின் வீட்டு முன்றலில் மருமகன் இப்போது மா அரைக்கும் மில் போட்டிருக்கிறார். வீடியோவில் பேசினால் அவள் வாய் அசைவது மட்டும் தெரியும். என்றாலும் அங்கே நாய் இல்லை. என் அறைக் கட்டிலில் புதுச் சீலை விரித்து வைத்திருக்கிறாளாம்.

நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டு அந்தப் படத்தை முழுவதும் பார்த்தேன்.

“இதுக்க மண் போடலாமா?” என்றேன்.

“மண் போட ஏலா. அடைச்சிரும்.”

“அப்ப ஒரு தரம் குறையிது.”

“அதை மட்டும் வாளியால ஊத்தலாம் வாப்பா.”

“சரி. மறுகா இந்த மெசின் விடாமல் பாயிது. இதில ரெண்டு எது, மூணு எது? எங்க எண்ணுறது?”

ஸிபானா படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“நாய்களுக்கு எப்படித் தெரியும், எப்ப எழும்புறது எண்டு?”

ஹானியா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, தன் ஆங்கிலத்தில், மூத்தாப்பா, அதாவது நான், சொல்வது சரி என்றாள். மேக்ஸ் எண்ணாமல் குந்தாது. அவள் ஒருநாள் எண்ணிப் பார்த்தாளாம், ஐந்தோடு மறந்து நிறுத்தியபோது ஆறு நாயும் பின்னேரம் வரை குந்தியே இருந்தனவாம். பிறகு தமிழில், “ஏழு இஸ் முக்கியம்” என்றாள். ஒரு வசனத்தில் இரண்டு தமிழ்ச் சொல். இந்த வருடத்தில் அவள் சொன்ன மிக நீண்ட தமிழ் அதுதான்.

“அப்ப என்ன செய்யச் சொல்றீங்க வாப்பா?” ஸிபானாவின் குரல் ஒருமாதிரி இருந்தது. சிரிப்பா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

“பழைய நிபந்தனையோட கேளு. மண் முடியப் போகுது. வாங்க வேணும்.”

அதற்காகத்தான் நேற்று மூன்று பை. ஒரு பையை மட்டும் வாங்கினால் மாத வாடகைக்கு இருப்பவன் போலத் தெரியும் என்று தோன்றியது.

பைகளை டாக்சிக்காரர் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். ஒன்றைக்கூட என்னால் தூக்க முடியவில்லை. கிரஹாம் வெளியே வந்தார். பைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவரும் எண்ணினார் என்று நினைக்கிறேன். முதல் பையைத் தூக்கிப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தார். பிறகு இரண்டாவது. மூன்றாவதை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். கம்பிக் கதவுக்குப் பின்னால் ஆறு நாயும் அவரைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தன.

“அப்படியானால் நான் மறுபடியும் ஆட்சேபம் எழுதத்தான் வேண்டும்” என்றார்.

“எழுதுங்கள்” என்றேன். “வட்டிலப்பம் இந்த முறை முடிவு வந்த பிறகு அனுப்புகிறேன்.”

கஜு மட்டும் குறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அசறுக்கு நேரமாயிருந்தது. புதுப் பையைக் கீறி, வாளியில் ஒரு கை மண் போட்டேன்.